பனித்தரைச் சண்டியனுக்கு மூன்றாம் ஓலை

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ஒருவரும் எழும்பித் தடை சொல்லவில்லை. கோவில் கூரையும் பொறிந்து விழவில்லை. அகஸ்ரினைப் பொறுத்தவரை மூன்றில் இரண்டு பங்கு கலியாணம் முடிந்துவிட்டது.

ஓலை விஷயம் வேதக்காரருக்கு விளங்கும். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரம், பாதர் மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர்களை வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெண்ணைப் பெற்ற தகப்பனின் பிறஷர் எங்கே ஏறி இறங்குகிறது என்பதை எந்த மெசினும் இதுவரை அளக்கவில்லை.

இன்று மூன்றாவது ஓலை. கடைசி ஓலை.

அகஸ்ரின் இத்தாலியின் பலர்மோ நகரில் உள்ள தமிழ்க் கத்தோலிக்க ஒன்றியத்தின் தலைவர். திங்கள் தொடங்கிச் சனி வரை ஒரு வக்கீல் வீட்டில் வெள்ளிக் கரண்டிகளை மினுக்குவார், வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் நாயை நடத்திக்கொண்டு போவார், நாய் போகிற இடமெல்லாம் தானும் போவார். ஆண்டவர் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அகஸ்ரின் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் தலைமை தாங்குவார்.

மாப்பிள்ளை டொக்டர் றொனி சுவாம்பிள்ளை. மன்னார்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது கனடா, இப்போது இங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அகஸ்ரினின் மகள் றம்யா ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். டொக்டர் முன்பல்லுக் கட்ட வந்த இடத்தில் அறிமுகம். முதலில் இந்தக் காதல் கதையைக் கேட்டு அகஸ்ரின் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூரையில் இடித்தாள். "டொக்டர்" என்ற சொல் காதில் விழுந்ததும் கால் இரண்டும் மெதுவாகத் தரைக்கு வந்தன. மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை, சமூகவியல் டொக்டர் என்று பிறகு தெரிந்தபோது, அதை ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்குத் தெரியவில்லை. ஒன்றியத்தில் நாலைந்து பேர் டொக்டரிடம் முழங்காலைக் காட்டி, "களிம்பு ஏதும் பூசலாமோ?" என்று கேட்டாயிற்று.

விசாரிப்பு குறைவில்லாமல் நடந்தது. சாதி, சனம், தகப்பன் குடிப்பாரா, தாய்வழியில் ஆருக்காவது வருத்தமா, பெரியம்மா ஏன் கலியாணம் கட்டவில்லை, எல்லாம் கேட்டார்கள். ஒரேயொரு இடத்தில் மட்டும் ஓட்டை. பள்ளிக்கூடம் முடித்த வயசுக்கும் பல்கலைக்கழகம் போன வயசுக்கும் நடுவில் பல வருசம் பொடியனைக் காணவில்லை. வீட்டில் இருக்கவில்லை. ஆம்பிளைகளோடு விடுதியில் இருந்தானாம். ஒரு பெரியவர் சொல்வதுதான் சட்டமாம். விடிய முதல் எழும்பவேண்டுமாம். பிறகு விட்டுவிட்டு வந்தானாம். அதைப் பற்றிக் கதைக்க அவனுக்கு விருப்பமில்லையாம்.

கத்தோலிக்கச் சனத்துக்கு இதற்குமேல் என்ன சொல்லவேண்டும்? பொடியன் பாதருக்குப் படிக்கிற குருமடத்தில் இருந்திருக்கிறான். குருப்பட்டம் பெறுவதற்கு முன்னம் வெளியே வந்துவிட்டான். அதை முகத்துக்கு நேரே கேட்பது மரியாதை இல்லை. ஆகவே ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் அறிந்திருந்தார்கள். அவனுடைய வளைந்த மூக்குக்கும் அகஸ்ரினிடம் விளக்கம் இருந்தது: குருமடத்தில் வொலிபோல் அடிப்பார்கள். அன்றிலிருந்து வீட்டுச் செபமாலைக்கு முதல் மணி சொல்லும் உரிமை மாப்பிள்ளைக்குப் போனது. றொனி கனடாத் தமிழில் தடக்கித் தடக்கிச் சொல்வதைப் பக்தியின் நடுக்கம் என்று ஒன்றியம் எடுத்துக்கொண்டது.

*

காலமை, ஒரேத்தோத் தெருவில் உள்ள வீட்டில் அகஸ்ரின் கோட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது ஜெயரட்ணம் வந்தார். ஒன்றியத்தின் முன்னாள் தலைவர். தேர்தலில் தோற்ற நாளிலிருந்து அகஸ்ரினைத் "தலைவர்" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லை அவர் உச்சரிக்கிற விதத்தில் ஒரு புளிப்பு இருக்கும்.

வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. மனைவி ஸ்ரெல்லா கோவில் பீடத்துக்குப் பூ வைக்கவும், றம்யா பாட்டுப் பழகவும் முன்னதாகப் போயிருந்தார்கள். அதை அறிந்துதான் ஜெயரட்ணம் வந்தார் போலிருக்கிறது. இருக்கச் சொல்ல முதல் இருந்தார். ரொறொன்ரோவில் இருக்கிற மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருப்பதாகச் சொல்லிப் போனை நீட்டினார்.

வெள்ளை வெளேரென்று ஒரு ஐஸ் தரை. கவசம் போட்ட மனிதர்கள் வளைந்த தடிகளோடு வழுக்கித் திரிகிறார்கள். திடீரென்று இரண்டு பேர் தடியையும் கையுறையையும் எறிந்துவிட்டு ஒருவனை ஒருவன் சட்டையில் பிடிக்கிறார்கள். ஒருவன் மற்றவனின் முகத்தில் குத்துகிறான். திரும்பக் குத்துகிறான். வெள்ளைத் தரையில் சிவப்பாகச் சொட்டுகிறது. கொட்டகை முழுக்கச் சனம் எழும்பி நின்று கை தட்டுகிறது. நடுவர் இரண்டு பேர் பக்கத்தில் நின்று, சமைத்து முடியட்டும் என்று பார்க்கிற விருந்தாளிகள் மாதிரிப் பார்க்கிறார்கள்.

பிறகு கமெரா கிட்டப் போனது. வளைந்த மூக்கு. முன்பல் இல்லாத வாய். அந்த வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே ஆங்கிலத்தில் பெயர்: சுவாம்பிள்ளை.

அகஸ்ரினின் மூளை முதலில் செய்த வேலை, குருமடத்துக்குள் ஐஸ் தரை எப்படி வந்தது என்று யோசித்ததுதான். அந்தளவுக்கு அது அதிர்ந்துபோயிருந்தது. அயன்பெட்டி கோட்டின் கையில் இருந்தபடியே இருந்தது. கருகி மணத்தபிறகுதான் எடுத்தார்.

"ஐஸ் ஹொக்கி," என்றார் ஜெயரட்ணம். "இவர் சம்பளத்துக்கு விளையாடினவராம். விளையாட்டெண்டும் இல்லை. சண்டைக்கெண்டே வைச்சிருந்த ஆளாம். உங்கட மருமகன் ஒரு சண்டியன், தலைவர்."

அகஸ்ரின் கதிரையைத் தேடினார். அதில் ஜெயரட்ணம் இருந்தார்.

ஜெயரட்ணம் பண்பாளர். மிரட்டவில்லை. ஓலை வாசிக்கிறபோது வாய் திறக்கிற எண்ணம் தனக்குத் துண்டாக இல்லை என்றார். பிள்ளையின் வாழ்க்கை அல்லவா என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, செப்ரெம்பரில் பலர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு எங்கள் சனம் ஏறுகிறபோது முன்னுக்குக் கொடி பிடிக்கத் தலைவருக்கு முழங்கால் ஏலாதென்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

அகஸ்ரினின் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கொடிக்காகத்தான் அவர் தேர்தலில் நின்றவர். கறுத்த காலணியைக் கழற்றி, வெறுங்காலோடு, பலர்மோ முழுக்கப் பார்த்திருக்க அந்தக் கொடியோடு ஏறுகிற காட்சியைக் கரண்டி மினுக்குகிறபோதெல்லாம் கரண்டியில் பார்ப்பார்.

"ஓம்," என்றார். "கொஞ்சக் காலமா முழங்கால் சரியில்லை."

"கவனமா இருங்கோ," என்றார் ஜெயரட்ணம். போகிறபோது நல்ல கோப்பி என்று பாராட்டிவிட்டுப் போனார். அகஸ்ரின் கோப்பி கொடுக்கவே இல்லை.

*

மாமனாரைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காக றொனி வந்தான். நீலக் கோட்டு, பக்குவமாக வாரிய தலை, முழுப் பல். அகஸ்ரின் அவனுடைய கைகளைப் பார்த்தார். இத்தனை மாதமும் புத்தகம் பிடிக்கிற கை என்று நினைத்த கை. விரல் மொளியெல்லாம் உடைந்து பொருந்தியிருந்தது.

இரண்டு பேரும் ஒரேத்தோத் தெருவால் இறங்கி ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் நிலையப் பக்கம் நடந்தார்கள். வழக்கமாக அகஸ்ரின் அவனை "டொக்டர்" என்றுதான் கூப்பிடுவார், உப்புக் கேட்பதாக இருந்தாலும். இன்று "தம்பி" என்று தொடங்கினார். வீடியோ பார்த்ததாகச் சொன்னார். றொனி நடையை நிறுத்தவில்லை. தான் அதை மறைக்கவில்லை, றம்யாவுக்கு முதல் நாளே தெரியும், அப்பாவுக்குப் பக்குவமாகச் சொல்கிறேன் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள் என்றான்.

றம்யா சொன்னதும் உண்டு. "அவர் முந்தி விளையாடினவர்" என்று மூன்று மாதத்துக்கு முன் சொன்னாள். வொலிபோல் என்று அகஸ்ரின் தலையாட்டினார்.

"நீர் குருமடத்திலை இருந்தனீர் எண்டுதான் நாங்கள் எல்லாரும்..." என்று இழுத்தார்.

இப்போதுதான் றொனி நின்றான். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் கத்திவிட்டு விலகிப் போனான்.

"ஆர் எல்லாரும், மாமா?"

"சனம் முழுக்க. பாதரும்தான்."

றொனி சிரித்தான். வீடியோவில் கண்ட அதே சிரிப்பு, பல்லோடு. பிறகு சிரிப்பு கழன்று விழுந்தது. அதனால்தானா செபமாலைக்குத் தன்னை முன்னுக்கு விட்டார்கள் என்று கேட்டான். அதனால்தானா அந்த மாமிமார் தன் கையைப் பிடித்து அழுதார்கள் என்று கேட்டான். அகஸ்ரின் ரோட்டைப் பார்த்தார்.

நடந்துகொண்டே அவன் சொன்னான். பள்ளிக்கூடம் முடியவே ஒரு கழகம் கையெழுத்து வாங்கிவிட்டது. கோல் அடிக்கிற திறமை அவனுக்கு இல்லை. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், தன் பக்கத்துக் கெட்டிக்காரனை ஆராவது இடித்தால் இறங்கி அவனைச் சாத்துவதுதான் உத்தியோகம். கடைசியாக இத்தாலியின் வடக்கில், மலையூர்க் கழகம் ஒன்று கூப்பிட்டது. அங்கே விளையாட்டை விட்டான். படித்தான். டொக்டரானான்.

ஏன் விட்டான் என்று அகஸ்ரின் கேட்கவில்லை. றொனி சொல்ல வாயெடுத்தான். அகஸ்ரின் அவசரமாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சை பாரும் தம்பி, நான் பொய் சொல்லச் சொல்லேல்லை. சும்மா இரும் எண்டுதான் சொல்லுறன். அவையள் தாங்களா ஒண்டை நினைச்சிருக்கினம். நல்லதாத்தானே நினைச்சிருக்கினம். ஒரு ஓலைதானே, வாசிச்சு முடியட்டும்."

ஜெயரட்ணத்தின் வாயை அடைத்தாயிற்று என்றும் சொன்னார். எதைக் கொடுத்து அடைத்தார் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் உள்ள கோவில் வரைக்கும் றொனி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அதைச் சம்மதம் என்று அகஸ்ரின் எடுத்துக்கொண்டார். மௌனத்துக்கு விளக்கம் எழுதுவதில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ராசி உண்டு.

*

பூசையில் அகஸ்ரின் முன்வாங்கில், றொனிக்குப் பக்கத்தில். பெண்கள் பக்கத்தில் ஸ்ரெல்லா. பீடத்துக்கு அருகில் பாடகர் குழுவில் றம்யா, கையில் மைக். பிரசங்கம் எதைப் பற்றியென்று அகஸ்ரினிடம் பிறகு கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

நற்கருணை முடிந்தது. பாதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஓலையை எடுத்தார். சுவாம்பிள்ளை மகன் றொனி, அகஸ்ரின் மகள் றம்யா. மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும். தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பாதர் வழக்கம்போலப் பேசாமல் நின்றார்.

வாங்கு ஒன்று கிறீச்சிட்டது. அகஸ்ரின் வெடுக்கென்று திரும்பி ஜெயரட்ணத்தைப் பார்த்தார். ஜெயரட்ணம் சொன்ன சொல் தவறாமல் இருந்தபடி இருந்தார். ஆனால் அவருடைய வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது, கண் அகஸ்ரினுக்குப் பக்கத்தில் நின்றது.

எழும்பியது மாப்பிள்ளை.

"பாதர், இது தடையோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது," என்றான் றொனி. "நான் ஒருநாளும் குருமடத்திலை இருக்கேல்லை. நான் ஹொக்கி விளையாடினனான். ஆக்களுக்கு அடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தவை."

கோவிலில் மூச்சு உள்ளே போன சத்தம் கேட்டது. வெளியே வந்த சத்தம் கேட்கவில்லை. பின்வாங்குகளில் சனம் எழும்பி நின்று எட்டிப் பார்த்தது. செபமாலையில் அவன் கையைப் பிடித்து அழுத மாமி ஒருத்தி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

பாதர் நிதானமான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஹொக்கி விளையாடியவன் கலியாணம் கட்டக்கூடாதென்று திருச்சபைச் சட்டத்தில் தான் படித்ததில்லை என்றார். குருமடத்தில் இருந்தவர்களிலும் சண்டியர்களைத் தனக்குத் தெரியும் என்றார். சிரிப்பு ஒன்று வாங்கு வாங்காக ஓடியது. அகஸ்ரினின் நெஞ்சில் இருந்த கல் அரைவாசி இறங்கியது. இதற்காகவா கொடியைக் கொடுத்தேன் என்ற கவலை அந்த இடத்தில் ஏறத் தொடங்கியது.

றொனி இருக்கவில்லை.

"இன்னும் முடியேல்லை, பாதர்."

சிரிப்பு நின்றது.

"கடைசி வருசம், இத்தாலியின்ர வடக்கை. மற்றப் பக்கத்திலை ஒரு புதுப் பொடியன். அவனுக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது. தெரியாதெண்டு எனக்குத் தெரியும். கோச் போ எண்டார், போனன். அவன்ர ஹெல்மெற் கழண்டு போச்சு. தலை ஐஸிலை பட்டது." தமிழ் அவனுக்கு இடறியது, ஆனால் தேடிப் பிடித்துச் சொன்னான். "அவன் சாகேல்லை. இப்பவும் இருக்கிறான். தன்ர பேர் தெரியாது. தாய்தான் சாப்பாடு தீத்துறது. என்னிலை பிழை இல்லையெண்டு விசாரிச்சுச் சொல்லிச்சினம். நான் விட்டிட்டுப் படிக்கப் போனன். அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தனான், புத்தகம் எழுதினனான். அந்தப் புத்தகத்துக்குப் பரிசும் கிடைச்சது. அதாலைதான் எனக்கு இஞ்சை வேலை."

"இதை எனக்கு நீங்கள் சொல்லேல்லை."

மெல்லிய குரல்தான். றம்யா தனக்குள் சொல்லிக்கொண்டதுதான். மைக் கையில் இருந்ததால் கோவில் முழுக்கக் கேட்டது, தூணெல்லாம் ஒருமுறை திருப்பிச் சொல்லியது.

அகஸ்ரின் மகளைப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தபோது வந்தது அதிர்ச்சி என்று நினைத்திருந்தார். அது சும்மா தும்மல். மகளின் முகத்தில் இப்போது இருந்ததற்கு அவரிடம் பெயர் இல்லை. அந்த முகத்தைத் தவிர்க்கத்தான் ரோட்டில் அவன் வாயை அடைத்தோமா என்று ஒரு எண்ணம் வந்தது. இல்லை, ஒன்றியத்தின் முகத்தைத் தவிர்க்கத்தான் என்று உடனே இன்னொரு எண்ணம் வந்தது. இரண்டாவது எண்ணம்தான் உண்மை பேசியது.

பாதர் பெண்ணின் தகப்பனைக் கேட்டார். வாசித்து முடிப்பதா, நிறுத்துவதா, நீங்கள் சொல்லுங்கோ என்றார். அகஸ்ரின் எழும்பினார். ஒன்றியக் கூட்டங்களில் நன்றியுரைக்கே நாற்பது நிமிசம் எடுக்கிற மனிதர். வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

"தம்பி."

குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. ஸ்ரெல்லா எழும்பி நின்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து கோவிலில் அவள் செபத்தைத் தவிர வேறு எதுவும் வாய்விட்டுச் சொல்லி அகஸ்ரின் கேட்டதில்லை. கையில் பிடித்து இருத்தலாமா என்று பார்த்தார். நடுவில் நடைபாதை இருந்தது.

"அந்தத் தாயை நீர் போய்ப் பார்த்தனீரோ?"

"இல்லை, மாமி."

"ஒருக்காலும்?"

றொனி தலையைக் குனிந்தான். "புத்தகம் அனுப்பினனான்."

பாதர் ஓலையைப் பார்ப்பதுபோல் குனிந்தார். புத்தகம் என்ற சொல்லை அகஸ்ரின் தன் வாழ்நாளில் எவ்வளவோ மரியாதையோடு கேட்டிருக்கிறார். இப்படி வெறுங்கோதாக அது தரையில் விழுந்து உருண்டதை இன்றுதான் கேட்டார்.

ஸ்ரெல்லா சத்தம் போடவில்லை. காய்கறி விலை கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"அவ எங்கை இருக்கிறா?"

"வடக்கை, மாமி. மலைப்பக்கத்து ஊர் ஒண்டிலை."

"ரெயில் இருக்குத்தானே?"

"பின்னேரம் ஒண்டு இருக்கு."

"பாதர், ஓலையை மடிச்சு வையுங்கோ," என்றாள். "தடையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா இண்டைக்கு வேண்டாம். முதல் இந்தப் பிள்ளை அங்கை போட்டு வரட்டும். கதவைத் திறக்கிறாவோ, செருப்பாலை அடிக்கிறாவோ, அது அவவின்ர விருப்பம்." பிறகு றொனியைப் பார்த்தாள். "தனியப் போகமாட்டீர். இவ்வளவு காலமும் போகேல்லைத்தானே. நான் வாறன்."

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அகஸ்ரின் ஒருவழியாகக் குரலைக் கண்டுபிடித்து, நாளைக்கு வேலை, சிஞ்ஞோராவுக்கு என்ன சொல்வது என்றார். அத்தனை பேருக்கு முன்னால், அந்த நேரத்தில், அவருக்குக் கிடைத்த சொல் அதுதான். ஸ்ரெல்லா அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

அப்போது மைக் நிறுத்தப்படும் சத்தம் கேட்டது. றம்யா பாடகர் குழுவிலிருந்து இறங்கி வந்தாள். றொனியைத் தாண்டி வந்தாள், அவன் பக்கம் திரும்பவில்லை. தாயின் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, நீங்கள் இருங்கோ. நான் போறன்."

"பிள்ளை..." என்றார் அகஸ்ரின்.

"போகேக்கை இவரோடை போறன், அப்பா," என்றாள் றம்யா. "வரேக்கை தனிய வருவனோ எண்டு இப்ப கேக்காதேங்கோ."